சின்னவர் பின்னால் வரவில்லை

நம் பள்ளியின் இன்றைய தாளாளர் பொய் சொல்லியிருக்கிறார். யாரோ சொன்னதைக் கேட்டு நான் இதை எழுதவில்லை. வரப்போகும் ஆண்டு விழாவுக்கான மலரில், தன் படத்துக்குக் கீழே, தன் கையெழுத்தோடு அவர் அந்தப் பொய்யை அச்சடித்திருக்கிறார்.

பெரிய வகுப்பு ஏன் மூடப்பட்டது என்பதற்கு அவர் கொடுத்திருக்கும் காரணம் இது: ஓர் ஆசிரியை துணைக்கு ஆள் இல்லாமல் மூன்று குழந்தைகளைக் காந்தி மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டாராம். அந்தப் பொறுப்பற்ற செயலால் பெற்றோர் நம்பிக்கை இழந்தார்களாம். அந்த மூன்று பேரில் நான் ஒருத்தி. எங்களுக்குத் துணைக்கு ஆள் இருந்தது. அந்த ஆள் இவர்தான்.

மலர் வந்த அன்று நம் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படமும் பூங்கொத்துமாகக் குவிந்தது. கூடப் படித்தவர்கள் நீங்கள். உங்களில் பாதிப் பேர் நாங்கள் மார்க்கெட்டுக்குப் போன அன்று பெரிய வகுப்புக் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தீர்கள். "ஏன் நீ மட்டும் எதுவும் போடலை?" என்று ஒருத்தி என்னைக் கேட்டாள். அவளுக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நமக்கெல்லாம் ஐம்பது தாண்டியாயிற்று. இப்போது சொல்லாவிட்டால் அந்த மலரில் இருப்பதுதான் நடந்தது என்று ஆகிவிடும்.

நம் பேரப்பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி முதலில் அந்த வகுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இப்போது தெருவுக்கு ஒரு மாண்டிசோரி போர்டு தொங்குகிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு நாலு மரக்கட்டையைக் கொடுத்துவிட்டால் போதும், போர்டு மாட்டிவிடலாம். நம்முடையது அப்படியில்லை. ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியிலிருந்து பிரிகிற சந்தில், பழைய வீடு ஒன்றில் நடந்தது. முன் கட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தார்கள். பின் கட்டில் ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை எல்லாரும் ஒரே கூடத்தில். அதுதான் பெரிய வகுப்பு. ஒன்றாவது, ரெண்டாவது என்று வகுப்புகள் கிடையாது. பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. கரும்பலகை கூடக் கிடையாது. டீச்சர் என்று கூப்பிடக் கூடாது, அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். பெரிய வகுப்பு முழுவதற்கும் ஒரே அக்கா.

காலையில் போனதும் அலமாரியிலிருந்து நமக்கு வேண்டியதை நாமே எடுப்போம். பாயை விரித்து உட்கார்ந்துவிட்டால் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் யாரும் நடுவில் மணி அடித்து எழுப்பமாட்டார்கள். பாயை மிதித்து நடக்கக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். விளையாட்டு என்ற சொல் அக்கா வாயில் வராது. வேலை என்பார். "இன்னைக்கு என்ன வேலை எடுத்திருக்கே?"

மஞ்சள் மணிகள் ஞாபகம் இருக்கிறதா? ஒன்றுக்கு ஒரு மணி, பத்துக்குக் கம்பியில் கோத்த பத்து மணி, நூறுக்குச் சதுரம், ஆயிரத்துக்குக் கனத்த ஒரு கட்டி. ஆயிரத்தைத் தூக்கினால் ஆயிரத்தின் கனம் கையில் தெரியும். பெருக்கலுக்குக் கட்டம் போட்ட துணி, வகுத்தலுக்கு மருந்துக் குழாய் மாதிரி கண்ணாடிக் குழாய்கள். தப்பாகச் செய்தால் அக்கா ஒன்றும் சொல்லமாட்டார். கடைசியில் மணி மிஞ்சும், இல்லையென்றால் பற்றாது. தப்பை அந்தப் பொருளே காட்டிக்கொடுத்துவிடும். இன்னொரு ஆள் வந்து தலையில் குட்ட வேண்டியதில்லை.

எல்லாமே பிரமாதம் என்று மலரில் எழுதுகிறவர்களைப் போல நான் சொல்லமாட்டேன். எனக்கு அந்த வயதிலேயே சந்தேகம் உண்டு. இஷ்டப்பட்டதை எடு என்பார்கள். ஆனால் அலமாரியில் எது இருக்கலாம் என்பதை அவர்கள்தான் முடிவு செய்தார்கள். வாரக்கணக்கில் வரைபடத்துக்குக் கலர் அடித்துக்கொண்டே பொழுதை ஓட்டியவர்கள் நம்மில் இருந்தார்கள், பெயர் சொல்லவா? அக்கா ஒரு மூலையில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்காது. நம்மை வேவு பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் வகுத்தலை வேண்டுமென்றே தொடாமல் தப்பித்துக்கொண்டிருப்பதைச் சாதாரணமாகச் சொல்லுவார். வாரம் ஒருமுறை ஒவ்வொருவரோடும் அப்படி ஒரு பேச்சு உண்டு. தப்பிக்கவே முடியாது.

என் அப்பாவுக்கு என்னைவிடச் சந்தேகம் அதிகம். திருவெறும்பூர் தொழிற்சாலையில் ஃபிட்டர். நூலிழை பிசகினாலும் தள்ளுபடி என்கிற வேலை. அளவு இல்லாமல், மார்க் இல்லாமல் ஒரு பள்ளிக்கூடம் என்பது அவருக்கு ஏமாற்றாகத் தெரிந்தது. அங்கே அடிக்கமாட்டார்கள் என்பதற்காக அம்மாதான் என்னைச் சேர்த்தாள். ஷிஃப்ட் முடிந்து வந்து கை கழுவும்போதே அப்பா ஆரம்பிப்பார்.

"ஏழெட்டு எவ்ளோ?"

நான் யோசிப்பேன். ஏழு மணிக் கம்பியை எட்டுத் தடவை மனதில் அடுக்கிப் பார்ப்பேன்.

"என்ன, கம்பியெல்லாம் எடுத்துட்டு வரணுமா? கடைக்காரன் மீதி சில்லறை குடுக்கறப்பவும் பாய் விரிச்சு உக்காருவியா?"

"அம்பத்தாறுப்பா."

"அதுக்கு இவ்ளோ நேரமா? பக்கத்து வீட்டுப் பய ரெண்டாவதுதான் படிக்கிறான். தட்டுனா கொட்டுறான்."

அவன் கொட்டியது என்னவோ உண்மைதான். அது எதற்கு என்று அவனுக்குத் தெரியாது, அதுவும் உண்மைதான். அப்பாவுக்கு அந்த வித்தியாசம் வேண்டியிருக்கவில்லை.

எங்களுக்குப் பத்து வயது. அந்த வருஷம் மழை விட்ட பிறகு அக்கா பெரிய கதைகளைச் சொன்னார். ஒவ்வொரு வருஷமும் சொல்லுவார். உலகம் உண்டான கதை, உயிர் வந்த கதை, மனிதன் வந்த கதை, எழுத்தின் கதை, எண்ணின் கதை. உலகத்தின் வயதைக் காட்ட ஒரு நீளமான கருப்புத் துணிச் சுருள் வைத்திருந்தார். கூடத்தில் இடம் பற்றாது என்று சந்தில் கொண்டுபோய் விரித்தோம். விரிக்க விரிக்கக் கருப்பாகவே போகும். கடைசி நுனியில் நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு. அதுதான் மனிதன் என்றார் அக்கா. எதிர்வீட்டு வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் எழுந்தே வந்துவிட்டார்.

"என்னாடி இது, காலங்காத்தால கருப்புத் துணிய நீட்டிட்டு? யாரு வூட்ல என்ன?"

"இது உலகத்தோட வயசும்மா," என்றாள் எங்களில் ஒருத்தி.

"அதுக்கு வயசாயிருச்சுன்னா கருப்பு கட்டுவீங்களா? சுருட்டுங்கடி, சாமி பொறப்பாடு வர்ற நேரம்."

எண்ணின் கதையில்தான் எங்கள் விஷயம் தொடங்கியது. மனிதர்கள் விரல்களை வைத்து எண்ணினார்கள், கற்களை வைத்து எண்ணினார்கள், கோடு கிழித்து எண்ணினார்கள் என்று அக்கா சொல்லிக்கொண்டு வந்தார். அப்போது வெங்காய மண்டித் தரகர் மகன் கையைத் தூக்கினான். "எங்கப்பா இன்னும் வெரல்லதான்கா எண்ணுறாரு. துண்டுக்குள்ள." யாருக்கும் புரியவில்லை. வாங்குகிறவரும் தரகரும் கையைக் கோத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரியாமல் விரலைப் பிடித்தே விலை பேசிவிடுவார்கள் என்று அவன் விளக்கினான். எந்த விரலைப் பிடித்தால் என்ன எண் என்று அவனுக்கே தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. தெரியாது என்பதை அக்கா கூசாமல் சொன்னார். "அப்ப போய்த் தெரிஞ்சுக்கிட்டு வந்து எங்களுக்கும் சொல்லுங்க."

இதுவும் அந்தப் படிப்பில் ஒரு பாடம்தான். கூடத்துக்குள் பதில் இல்லாத கேள்வி வந்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வெளியே போகலாம். ஆனால் எல்லா ஏற்பாட்டையும் நாங்களே செய்ய வேண்டும். எந்த பஸ், எங்கே இறங்குவது, யாரிடம் என்ன கேட்பது, சாப்பாடு என்ன, பிரிந்துபோனால் எங்கே வந்து நிற்பது. எல்லாவற்றையும் யோசித்து அக்காவிடம் சொல்ல வேண்டும். அவர் குறுக்குக் கேள்வி கேட்டுத் துளைத்தெடுப்பார். "பஸ் வரலைன்னா? மண்டி மூடியிருந்தா? ஒருத்திக்கு வாந்தி வந்தா?" எல்லாவற்றுக்கும் பதில் இருந்தால்தான் அனுமதி.

கூடப் பெரிய ஆள் ஒருவர் துணைக்கு வருவார். அதில்தான் கண்டிப்பான ஒரு விதி உண்டு. அவர் முன்னால் நடக்கக் கூடாது. பத்தடி பின்னால்தான் வர வேண்டும். வழி சொல்லக் கூடாது, எங்களுக்காகப் பேசக் கூடாது. ஆபத்து என்றால் மட்டும்தான் கிட்டே வரலாம். எங்களுக்கும் ஒரு விதி. அவரைத் திரும்பித் திரும்பிப் பார்க்கக் கூடாது, உதவி கேட்கக் கூடாது. அவர் இல்லை என்றே நினைத்துக்கொண்டு நடக்க வேண்டும். பார்த்துக்கொள்ளுங்கள், வேறு எந்தப் பள்ளிக்கூடத்திலும் இப்படி ஒரு விதி இருந்திருக்காது. இப்படி ஒரு ஏமாற்றும் நடந்திருக்காது.

போவதற்கு முடிவானது மூன்று பேர். மண்டித் தரகர் மகன், அர்ச்சகர் வீட்டுப் பெண், நான். வழக்கமாக யாராவது ஒரு அம்மா துணைக்கு வருவார். அன்று வருவதாக இருந்த அம்மாவுக்குக் காய்ச்சல். அக்கா தேதியைத் தள்ளிவைக்கலாம் என்றார். அப்போது அங்கே வந்த பழைய தாளாளர், அவரை எல்லாரும் பெரியவர் என்போம், தன் மகனைக் காட்டினார். மகன் காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தார். அவர் சின்னவர். இன்றைய தாளாளர்.

"சின்னவன் சும்மாதானே இருக்கான். போய்ட்டு வரட்டும்," என்றார் பெரியவர்.

அக்கா தயங்கினார். நான் பக்கத்தில்தான் நின்றேன், பார்த்தேன். பிறகு சின்னவரை உட்காரவைத்து விதிகளைச் சொன்னார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே "ம், ம்" என்றார்.

டவுன் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டிப் போனோம். சின்னவர் பின் சீட்டில் இருந்தார். கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டது நான்தான், அவர் இல்லை. மெயின்கார்டு கேட்டில் இறங்கினோம். அவரும் இறங்கினார், அதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு விதிப்படி நாங்கள் திரும்பவில்லை. பெரிய கடை வீதி வழியாக மார்க்கெட்டுக்கு நடந்தோம். தள்ளுவண்டிக்காரர்கள், சுமைதூக்குகிறவர்கள் நடுவில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போனோம். முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய மனுஷர் வருகிறார் என்ற தைரியம் எங்களுக்கு இருந்தது.

மண்டிக்குள் நுழைந்ததும் கண் எரிந்தது. வெங்காயச் சருகு காலடியில் சரசரவென்று நகரும். சாக்கு நாற்றமும் வியர்வையும் பீடிப் புகையும் கலந்த ஒரு வாடை. தரகர் எங்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"வாங்க வாங்க, ஆபீசருங்க எல்லாம் வந்துட்டீங்க. கூட யாரு வந்தா?"

"பின்னாடி வர்றாங்கப்பா," என்றான் அவர் மகன்.

தரகர் வாசல் வரை போய் எட்டிப் பார்த்தார். "பின்னாடி ஒரு மாடுதான்டா நிக்குது. அதுவா உங்க வாத்தியாரு?"

"அவா தெரியப்படாது மாமா. அதான் ரூல்," என்றாள் அர்ச்சகர் வீட்டுப் பெண்.

இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பின்னால் யாரும் வரவில்லை என்பதைத் தரகர் அன்று காலையிலேயே பார்த்துவிட்டார்.

அவர் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து, என் கையை வாங்கித் தன் துண்டுக்குள் வைத்துக்கொண்டார். துண்டு ஈரமாக, சூடாக இருந்தது. ஒரு விரலைப் பிடித்தார். "இது ஒண்ணு." இரண்டைப் பிடித்தார். "ரெண்டு." கை முழுவதையும் பிடித்தால் ஐந்து. அதற்கு மேல் உள்ளங்கையில் அழுத்துவதும் விரலை மடக்குவதுமாகப் போனது. நாங்கள் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தோம். அப்போதுதான் எனக்குக் கேள்வி வந்தது.

"ஒரு விரல் பிடிச்சா ஒண்ணா, பத்தா, நூறா?"

"எது வேணா இருக்கும் பாப்பா."

"அப்ப எதுன்னு எப்படித் தெரியும்?"

"வெங்காயம் என்ன வெலன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்ல. பத்தா நூறான்னு தெரியாதவன் எதுக்குத் துண்டுக்குள்ள கைய விடுறான்?"

உங்களுக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். பத்துக்கு வேறு கம்பி, நூறுக்கு வேறு சதுரம் என்று கையால் தூக்கிப் பழகிய எங்களுக்கு அது தலைகீழாகப் புரட்டிப்போட்ட விஷயம். இங்கே ஒரே விரல்தான். ஒன்றா நூறா என்பது விரலில் இல்லை, பேசுகிற இரண்டு பேரின் மனதில் இருக்கிறது. பூஜ்யத்துக்கு விரலே இல்லை. அக்காவிடம் இதைச் சொன்னால் அவர் முகம் எப்படிப் போகும் என்று பேசிப் பேசியே திரும்பி வந்தோம்.

மெயின்கார்டு கேட் பக்கம் வரும்போது ஒரு சினிமாக் கொட்டகையில் காலைக் காட்சி விட்டுக் கூட்டம் வெளியே வந்தது. அர்ச்சகர் வீட்டுப் பெண் என் கையைக் கிள்ளினாள்.

"அந்த மாமாவைப் பாரேன். சினிமாலேர்ந்து வரார்டி."

சின்னவர்தான். கூட அவர் வயதில் இன்னொருவர். சிரித்துக்கொண்டே வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மாறியது. நண்பரை அப்படியே விட்டுவிட்டு ஓர் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டு மார்க்கெட் பக்கம் போய்விட்டார். எங்களைப் பார்க்கவில்லை.

"பின்னாடி வரணும்னுதானே சொன்னாங்க, இவரு எங்க போறாரு?" என்றான் தரகர் மகன்.

அவரைக் கூப்பிடக் கூடாது, அது விதி. கூப்பிடவில்லை. போட்ட திட்டப்படி தெப்பக்குளம் பக்கம் நிழலில் நின்று தயிர்சாதத்தைச் சாப்பிட்டோம். இலையைத் தொட்டியில் போட்டோம். இரண்டு பஸ் கூட்டமாக வந்தது, விட்டோம். வெகுநேரம் கழித்து வந்த மூன்றாவதில் ஏறினோம். நாங்கள் தொலைந்துபோகவில்லை. ஒரு நிமிஷம் கூட வழி தவறவில்லை. அந்தப் படிப்பு எங்களை எதற்குத் தயார் செய்ததோ அதை அப்படியே செய்துவிட்டு வந்தோம்.

சந்துக்குள் நுழைந்தால் தெருவே பள்ளி வாசலில் நின்றது. அம்மா ஓடி வந்து முதுகில் ஒன்று வைத்தாள், பிறகு கட்டிக்கொண்டாள். தொழிற்சாலைக்கு ஆள் போய் அப்பாவைக் கூட்டி வந்திருந்தார்கள். காக்கி உடுப்போடு நின்றார். கூடத்துக்குள் பெரியவர்கள் எல்லாம் செருப்புக் காலோடு எங்கள் பாய்களின் மேல் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் அக்கா. சுவரோரமாகச் சின்னவர்.

"மார்க்கெட்டுக்குள்ள போனதும் கைய உதறிட்டு ஓடிட்டாங்க," என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்கெல்லாம் தேடுறது? இவங்க பழக்கிவச்சது அப்படி. பெரியவங்க பேச்சக் கேக்காதேன்னு."

அர்ச்சகர் தன் பெண்ணை இழுத்து அணைத்துக்கொண்டார். "எங்காத்துப் பொண்ணைச் சந்தைக்கு அனுப்பற பள்ளிக்கூடமா இது? எனக்கு இது ஒத்து வராது," என்றார். அவள் என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். "நீ ஆத்துக்கு வா" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

தரகர் மகன்தான் முதலில் சொன்னான். "நாங்க ஓடல. அவரு சினிமாவுக்குப் போனாரு. பாத்தோம்."

அவன் அப்பா அப்போதுதான் மண்டியிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். பளாரென்று அறைந்தார். "பெரிய மனுஷங்களப் பத்தி என்னடா பேச்சு?" காலையில் வாசலில் எட்டிப் பார்த்தவர் அவர்தான். மாட்டைத் தவிர யாரும் இல்லை என்று சிரித்தவர் அவர்தான். அந்த வெங்காய மண்டி இருந்த கட்டடம் பெரியவர் குடும்பத்துக்குச் சொந்தம் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத் தெரிந்தது.

நானும் சொன்னேன். "ஆமாப்பா, நானும் பாத்தேன். ஆட்டோல போனாரு."

"வாயை மூடு," என்றார் அப்பா.

பெரியவர் கையை உயர்த்தினார். "சின்னப் பசங்க. பயத்துல எதையாவது சொல்லும். அவங்கள எதுக்குக் கேக்கணும்?" என்றார். குழந்தையை நம்பு, குழந்தைக்குத் தெரியும் என்று ஒவ்வொரு விழாவிலும் மைக் பிடித்துப் பேசிய மனிதர் அவர். எங்களை நம்ப வேண்டியிருந்த ஒரே ஒரு நாள் அது. அன்று எங்களை யாரும் கேட்கவில்லை.

அக்கா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பெரியவர் அவரை உள் அறைக்குக் கூப்பிட்டார், கதவைச் சாத்தினார். வெளியே வந்தபோது அக்கா, "பொறுப்பு என்னுடையதுதான்," என்று மட்டும் சொன்னார். அந்த அறையில் என்ன பேசினார்கள் என்பதுதான் இத்தனை வருஷமாக என் சந்தேகம்.

டிசம்பர் விடுமுறை முடிந்து போனால் பின் கட்டுக்குப் பூட்டு. அக்கா இல்லை. அப்பா என்னை டவுனில் வேறு பள்ளியில் சேர்த்தார். அங்கே கணக்கில் நன்றாகவே வந்தேன். "பாத்தியா, இப்பதான் ஒழுங்கா படிக்கிறே," என்றார். அந்தக் கணக்கு எங்கே கற்றது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது யோசித்தால் எனக்கு அவர் மேல் கோபம் குறைவு. அந்தப் பள்ளி மோசம் என்று அவர் முதல் நாளிலிருந்தே நினைத்தார். சின்னவர் பொய் அவர் நினைப்புக்குத் தோதாக இருந்தது. எடுத்துக்கொண்டார். அங்கே நின்ற எல்லாருமே அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த நவராத்திரிக்கு அம்மாவோடு பெரியவர் வீட்டுக் கொலு பார்க்கப் போனேன். மேல்படியில், பொம்மைகளுக்கு நடுவில், நம் ஆயிரம் மணிக் கட்டி. பக்கத்தில் நூறு மணிச் சதுரங்களை அடுக்கிக் குளத்துக்குப் படிக்கட்டு கட்டியிருந்தார்கள். "அழகா இருக்குல்ல?" என்று அந்த வீட்டம்மாள் சுண்டலைக் கையில் வைத்தார். கருப்புத் துணிச் சுருள் என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

மலர் வந்த மறுவாரம் நான் அக்காவைத் தேடிப் போனேன். உறையூரில் தங்கை மகள் வீட்டில் இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது. முழங்கால் வலி. மலரை அவருக்கும் யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.

"என் பேர் போட்டிருக்காங்களா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல," என்றார்.

"பேர் போடலக்கா. ஓர் ஆசிரியைன்னு போட்டிருக்கு."

"அப்ப யாருக்குத் தெரியப்போகுது?"

"பெரிய வகுப்புக்கு ஒரே அக்காதானே. எல்லாருக்கும் தெரியும்."

அன்று ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று நேராகவே கேட்டேன். மழுப்ப நினைத்தார், விடவில்லை.

"நான் ஒத்துக்கிட்டா வகுப்ப நடத்துறேன்னு சொன்னாங்க. வேற அக்கா வச்சு. நீங்கள்லாம் நடுவுல நிக்கறீங்க, எழுதி முடிக்காத வேலை எவ்ளோ கிடந்துச்சு. சரின்னுட்டேன்."

"நடத்தலையே."

"நடத்தல."

பிறகு எந்தப் பள்ளியும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. குழந்தைகளைச் சந்தையில் விட்ட டீச்சர் என்ற பேச்சு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. வீட்டில் டியூஷன் எடுத்தே காலத்தை ஓட்டியிருக்கிறார். நான் எழுந்தபோது, "இரு," என்றார். "அந்தத் துண்டு விஷயம் என்ன ஆச்சு? நீங்க வந்து சொல்லவே இல்லையே." அவர் கையைப் பிடித்துக் காட்டினேன். ஒரு விரல் ஒன்றா நூறா என்பது விரலில் இல்லை என்று சொன்னேன். அவர் தானும் என் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். "பூஜ்யம் எப்படிக் காட்டுவாங்க?" என்றார். அதற்கு விரலே இல்லை என்றேன். "பாத்தியா," என்றார். அவ்வளவுதான். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

இப்போது தாளாளர் அவர்களுக்கு.

அன்று சாயங்காலம் நாங்கள் உங்கள் கையை உதறிவிட்டு ஓடியதாகச் சொன்னீர்கள். இன்று மலரில் எங்களோடு யாரையுமே அனுப்பவில்லை என்கிறீர்கள். யாரையும் அனுப்பவில்லை என்றால் நாங்கள் உதறியது யாருடைய கையை? இரண்டில் ஒன்று பொய். எனக்குத் தெரிந்து இரண்டுமே பொய். நீங்கள் படம் பார்த்ததில் எனக்கு ஒன்றும் இல்லை. இளவயது, சலிப்பாக இருந்திருக்கும். வந்து "போயிட்டேன், தப்பு" என்று சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். நீங்கள் ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்துவிட்டு, இத்தனை வருஷம் கழித்து அதே பழியை மறுபடி அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறீர்கள். அடுத்த வருஷம் பெரிய வகுப்பைத் திறக்கப்போவதாக அதே பக்கத்தில் விளம்பரமும் இருக்கிறது. எந்த முகத்தோடு திறப்பீர்கள்? குழந்தைகளுக்குப் பின்னால் யாரை அனுப்புவீர்கள்?

தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டாம். நான் அக்காவைப் பார்க்கப் போனது தெரிந்து ஏற்கெனவே உங்கள் ஆள் ஒருவர் போன் செய்து, "பழசக் கிளற வேண்டாம்மா, உக்காந்து பேசிக்கலாம்" என்றார். மூடிய அறையில் பேசிய பேச்சால்தான் இவ்வளவும். தரகர் மகன் இப்போது தானே மண்டி வைத்திருக்கிறான், உங்கள் கட்டடத்தில் இல்லை. அவன் வருகிறான். அர்ச்சகர் வீட்டுப் பெண் சென்னையிலிருந்து வருகிறாள். ஆண்டு விழா அன்று நாங்கள் மூன்று பேரும் முன்வரிசையில் இருப்போம். அக்காவையும் அழைத்து வருகிறோம். கூடப் படித்த உங்களுக்கும் சொல்கிறேன், அன்று கைதட்ட மட்டும் வராதீர்கள். எழுந்து நின்று கேளுங்கள்.

தாளாளர் அவர்களே, மைக்கைப் பிடியுங்கள். அன்று காலை நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று, அக்காவின் பெயரை முழுதாகச் சொல்லி, எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.